பொழி வெட்டாத நாள்

திட்டு வாங்குவதற்கென்றே ஒருவர் ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவரை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் காட்சிதான் முதலில் வந்து நிற்கும். வெயில் ஏறிவிட்ட கரை. மீன் ஏலம் முடிந்து கூடைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. நடுவில் எங்கள் மேடம், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். எதிரே சாயாக்கடை, அதாவது டீக்கடை, நடத்தும் ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்து ஏசு ஏசென்று ஏசுகிறாள். மேடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஜீப்பின் மறைவில் பதுங்கிக்கொண்டு நின்ற எனக்குத்தான் மானம் போயிற்று.

முந்தைய நாள் நாங்கள் விட்ட எச்சரிக்கை பொய்த்துப் போயிருந்தது. கடல் பொங்கிக் கரையேறும், தாழ்ந்த இடத்து வீட்டுக்காரர்கள் சாமான்களோடு மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தோம். கடலோ சாதம் உண்ட பூனை மாதிரி படுத்துக் கிடந்தது. அந்தச் சாயாக்கடை அம்மாளை ஊரே சேச்சி என்றுதான் அழைக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுக் கடையையே காலி செய்துகொண்டு போனவள் அவள் ஒருத்திதான்.

"மேடமே, நிங்க சொன்னதைக் கேட்டு அடுப்பும் பாத்திரமும் தலையில ஏத்தி ஸ்கூலுக்குக் கொண்டு போனேன். ஒரு நாள் கச்சவடம் போச்சு. எல்லாவனும் என்னைப் பாத்துச் சிரிக்கான். ஒரு துள்ளி வெள்ளம் வந்துச்சா? ஒரு துள்ளி?"

"வரலை சேச்சி. எங்க கணக்கு தப்பிப் போச்சு," என்றார் மேடம்.

"தப்பிப் போச்சாம்! அதைச் சொல்ல ஒரு ஜீப்பு, டிரைவரு, கூட ஒரு சாமி!"

அந்தச் சாமி அடியேன்தான். நெற்றியில் காலையில் இட்ட விபூதி அழியாமல் இருந்தது. ஆபத்து.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கேகோட்டையில் அக்ரஹாரத்து வீடு. எப்போதோ திருநெல்வேலியிலிருந்து கோயில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கழிமுகங்களும் கரைக்கடலும் அடுத்து வரும் நாட்களில் எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்லும் ஓர் அலுவலகத்தில், ஆங்கிலத்தில் வருகிற அறிவிப்பை மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. நகரத்துக்குத் தெற்கே போகப் போக இரண்டு பாஷையும் ஒரே வாயில் புரளும் கடற்கரை ஊர்கள். அதனால் இரண்டும் வேண்டும். மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக வந்தபோது எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைவிட மிகவும் இளையவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். வந்த வாரத்திலேயே என் மேஜைக்கு வந்து, நான் எழுதிய அறிவிப்பில் 'கடல் சீற்றத்துடன் காணப்பட வாய்ப்புள்ளது' என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

"சாரே, இதைப் படிச்சிட்டு ஒருத்தன் வள்ளத்தை மேல இழுக்கணுமா, கடல்ல தள்ளணுமா?"

நான் விடவில்லை. "வாய்ப்புள்ளதுன்னு போட்டா நாளைக்கு யாரும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது மேடம். இத்தனை வருஷமா அப்படித்தான் எழுதிண்டிருக்கேன்."

"கேக்கணும் சாரே. பதில் சொல்லத்தானே நாம இருக்கோம்" என்று சிரித்துவிட்டுப் போனார். மதில்மேல் பூனையாக இத்தனை காலம் சுகமாக இருந்தவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும், படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தாக வேண்டும். வள்ளத்தை மேலே இழுங்கள். குழந்தைகளைக் கரைக்கு விடாதீர்கள். இன்று வலை போடலாம். இப்படித் தெளிவாகச் சொன்னால், தப்பும்போதும் தெளிவாகத் தப்பும். தப்பினால் மறுநாள் காலையில் ஜீப். 'தப்பாச் சொன்னா நேரில் போய் நிக்கணும்' என்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று நான் முணுமுணுப்பேன். மொழி தெரிந்தவன் என்று என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். வீட்டில் கேலி வேறு. "ஏன்னா, இன்னிக்கும் வசவு வாங்கிக்கக் கிளம்பியாச்சா? வெயில் ஜாஸ்தியா இருக்கு, குடை எடுத்துண்டு போங்கோ" என்பாள் என் மனைவி.

கடல் ஏன் எங்களை இப்படி ஏமாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்றிராது, மழையிராது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். திடீரென்று அலை எழும்பி வீட்டு நடைக்குள் வந்துவிடும். திருடன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் அந்தப் பெயர். வெகு தெற்கே, குளிர்ந்த பெருங்கடலில், சில நாட்களுக்கு முன்னால் அடித்த பெருங்காற்று கிளப்பிய அலை அது. காற்று அங்கேயே ஓய்ந்துவிடும். அலை மட்டும் நடந்து நடந்து நம் வாசலுக்கு வந்து சேரும். கடல் தினமும் ஏறி இறங்குகிறதல்லவா, அந்த ஏற்ற நேரத்தில் இந்த அலையும் வந்து சேர்ந்துகொண்டால் அவ்வளவுதான், ஊர் நனைந்தது. இறக்கத்தில் வந்தால் வந்த சுவடே தெரியாது. சில மணி நேரம் முன்னே பின்னே ஆனால் போதும், கணித்தவர் தலை உருளும்.

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டு மட்டும் கணிக்கிறவர் இல்லை. கடலில் மிதக்கும் மிதவை அனுப்புகிற அலைக் கணக்கு, துறைமுகத்தில் கடல் மட்டம் காட்டும் கருவி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் கரையில் யாருக்காவது போன் போட்டு "இப்போ கண்ணுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிட்டுத்தான் அறிவிப்பில் கையெழுத்திடுவார். மாதத்தில் சில நாள் ஆற்றுப் பாலத்துக்குப் போவோம். மூடி வைத்த புட்டியைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கி, அங்கே மூடியைத் திறந்து நீர் எடுப்பார். ஒரு தடவை மேல் நீரையும் அடி நீரையும் என் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மேலே எடுத்தது ஆற்று நீர். அடியில் எடுத்தது அப்பட்டமான கடல். ஒரே ஆற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கின்றன! நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அவருக்கு அத்தனை சந்தோஷம். "கடல் எப்பவும் அடி வழியாத்தான் உள்ள வரும் சாரே. மேல பாத்தா தெரியாது" என்றார். கணக்கு சரியாக வந்த நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. வேலையை இவ்வளவு ஆசையாகச் செய்கிற ஒருவரை அதற்கு முன் நான் அறிந்ததில்லை, பொறாமையாகக்கூட இருந்தது.

சேச்சியின் ஊருக்கு வருகிறேன். பாலத்தடியில் ஓடும் அதே ஆறு அவள் ஊரில்தான் கடலில் சேர்கிறது; சேரும் இடத்தைப் பொழி என்பார்கள். மழையில்லாத மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிப் பொழியை அடைத்துவிடும். ஆறு கடலுக்குப் போக வழியில்லாமல் உள்ளே காயலாக நிற்கும். கோடை மழை பெய்து காயல் நிரம்பினால் கரை வீடுகளில் தண்ணீர் ஏறும். அப்போது ஊர் ஆண்கள் மம்பட்டியோடு போய் மணல்மேட்டின் குறுக்கே ஒரு சிறிய வாய்க்கால் கீறுவார்கள். அது போதும், மீதியைத் தண்ணீரே அரித்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்துவிடும். இதைத்தான் பொழி வெட்டுவது என்பது. எப்போது வெட்டுவது என்பதில் அந்த ஊருக்கு ஒரு முறை இருந்தது. யார் வீட்டு அடுக்களையில் முதலில் தண்ணீர் ஏறுகிறதோ அவர் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து மெம்பர் வந்தாலும் பாதிரியார் வந்தாலும் அவர் சொல்லுக்கு அப்புறம்தான் மம்பட்டி மண்ணைத் தொடும். எல்லாவற்றிலும் தாழ்வான வீடு சேச்சியுடையது. ஆகவே ஆண்டுதோறும் அந்தச் சொல் அவளுடையதுதான்.

அந்த வருஷம் கோடை மழை மலைப்பக்கம் விடாமல் பெய்தது. காயல் தளும்பி, சேச்சியின் அடுக்களைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மழை வெறித்து நல்ல வெயில். 'இன்றைக்குப் பொழி வெட்டப் போகிறார்கள்' என்று மெம்பர் போனில் சொன்னபோது மேடத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். திரையில் தெற்கிலிருந்து அலை வந்துகொண்டிருந்தது. அவர் கணக்குப்படி அது சாயங்காலக் கடலேற்றத்தோடு சேர்ந்து கரையைத் தொடும். அந்த நேரத்தில் பொழி திறந்திருந்தால் காயல் நீர் வெளியே போகாது; கடல்தான் உள்ளே வரும். வீடுகள் இன்னும் மூழ்கும். அதைவிட மோசம், கரையோரக் கிணறுகளிலெல்லாம் உப்பு ஏறிவிடும். மறுநாள் காலையில் கடல் இறங்கும்போது வெட்டினால் ஆபத்தில்லை. மெம்பரிடம் இதைச் சொன்னார். "வானத்தைப் பாருங்க மேடம், ஒரு மேகம் உண்டா? அடுக்களையில வெள்ளம் நிக்குது. ஆரு காத்திருப்பா?" என்று கேட்டுவிட்டு மெம்பர் போனை வைத்துவிட்டார்.

"ஆர்டர் போட்டு நிறுத்த முடியாதா மேடம்?" என்று கேட்டேன்.

"நம்ம கையில ஏது சாரே ஆர்டரு? வாய்தான் இருக்கு. வாங்க" என்று ஜீப்பில் ஏறினார்.

போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஏற்கெனவே ஒரு தடவை பொய்யாகப் போன வாக்கு. இன்றும் கடல் வராவிட்டால், வெட்ட வேண்டிய பொழியை வெட்டவிடாமல் சேச்சியின் வீட்டை வீணாக ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்த பாவம் இவர் தலையில் விழும். மண் சுவர் வீடு. அதோடு அந்தக் கரையில் எங்கள் பேச்சை இனி ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நிஜமாகவே கடல் வருகிற நாளிலும்தான். சும்மா இருந்துவிட்டால் யாரும் எங்களைக் குறை சொல்லப் போவதில்லை. நானாக இருந்தால் சும்மாதான் இருந்திருப்பேன்.

பொழியில் ஆண்கள் மம்பட்டியோடு தயாராக நின்றார்கள். சேச்சி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள். கால் முழுக்கச் சேறு. கடலோ அநியாயத்துக்குச் சாந்தமாக இருந்தது. மேடம் செருப்பைக் கழற்றினார். விஷயத்தை நேராகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "அன்னைக்கும் இதுதான் சொன்னாங்க" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை.

"மேடமே, உறப்பா வருமா?"

உறுதியாக வரும் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான் மனசுக்குள் 'சொல்லுங்கோ, சொல்லுங்கோ' என்று மன்றாடினேன்.

"உறப்பு சொல்ல எனக்கு ஒக்காது சேச்சி," என்றார் மேடம். "வரும்னுதான் எங்க கணக்கு சொல்லுது. அலைக்கும் அலைக்கும் இடைவெளி காலையிலிருந்து நீண்டுக்கிட்டே போகுது, அதுவும் தூரத்து அலை வாறதுக்கு அடையாளம்தான். ஆனா தப்பலாம். உங்க வீட்ல நிக்கது தண்ணி, எங்க வீட்ல இல்ல. அதனால நீங்கதான் சொல்லணும். தப்பிப் போச்சுன்னா நாளைக்கு நானே வந்து நிப்பேன்."

சேச்சி காலில் ஒட்டியிருந்த சேற்றை மணலில் தேய்த்தாள்.

"நீ வருவே. அது எனக்கு அறியாம்" என்றாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, "மம்பட்டியைக் கீழ வையுங்கடா. நாளைக்குக் காலம்பற வெட்டினாப் போதும்" என்றாள். முணுமுணுப்பு எழுந்தது. "ஆருக்க அடுக்களையிலடா வெள்ளம்? உனக்கதா, எனக்கதா?" என்று ஓர் அதட்டல். மம்பட்டிகள் கீழே இறங்கின. வள்ளங்களை மட்டும் மேலே இழுத்துக் கட்டினார்கள்.

சாயங்காலம் கடல் வந்தது. முதலில் ஓர் அலை மணல்மேட்டின் பாதிவரை ஏறி, ஏதோ மறந்துபோன மாதிரி நின்றுவிட்டுத் திரும்பியது. அடுத்தது முக்கால்வாசி. வெயில் இன்னும் இருந்தது, இலை அசையவில்லை. அதற்குப் பின் வந்தவை மேட்டின் முதுகில் ஏறி நுரை கக்கின. சில அலைகள் தாண்டிக் காயலிலும் கொஞ்சம் விழுந்தன. அப்பா! அந்த இரைச்சலை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த இடத்தில் வாய்க்கால் ஒன்று கீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மணல்மேடு தாங்கியது. பகலில் சிரித்தவர்கள் ஓடிப்போய் வள்ளங்களை இன்னும் மேலே இழுத்தார்கள். மேடம் சிரிக்கவும் இல்லை, 'பார்த்தீர்களா' என்ற பாவனையும் இல்லை. காயல் பக்கம் திரும்பிச் சேச்சியின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இறக்கத்தில் பொழி வெட்டினார்கள். காயல் மொத்தமும் கடலுக்கு ஓடியது என்று மெம்பரே போன் செய்தார், குரலில் தேன் ஒழுகியது. ஒரு கிணற்றிலும் உப்பில்லை. அலுவலகத்தில் லட்டு வாங்கினார்கள். எங்கள் பெரிய அதிகாரி நேரில் வந்து கை குலுக்கினார். நான் என் பங்கு லட்டைப் பாதி தின்றுகொண்டிருக்கும்போது மேடம் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

டிரைவர் தென்காசிக்காரர், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார். "என்ன மேடம், இன்னைக்குச் சரியாத்தான சொல்லியிருக்கோம்? யாருகிட்ட ஏச்சு வாங்கப் போறோம்?"

"சேச்சிக்க அடுக்களைச் சுவரு ராத்திரி விழுந்துட்டாம் அண்ணே," என்றார் மேடம். நான் மீதி லட்டைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. மேடம் பதவி உயர்ந்து வேறு கரைக்குப் போய்விட்டார். கடல்நிலை எச்சரிக்கைகள் நேராகக் கைப்பேசிக்கு வருகின்றன, எங்கள் காலத்தைவிடத் துல்லியமாக. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எப்போதாவது ஒன்று தவறும்போது, அடுத்த நாள் கரைக்கு யார் போயிருப்பார்கள் என்று என் மனம் கேட்கும். "யாரும் போயிருக்க மாட்டா, நீங்க காப்பியைக் குடியுங்கோ" என்பாள் மனைவி. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கைப்பேசியை ஏசினால் அது என்ன செய்யும், பாவம். அன்றைக்குச் சேச்சி வீட்டு வாசலில் பார்த்ததைப் பார்த்திராவிட்டால் நானும் இதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன்.

சேச்சியின் அடுக்களை இருந்த இடத்தில் சேற்றுக் குவியல். அதற்கு மேல் வானம். அவள் குனிந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு போய் நின்றார். சேச்சி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து கொண்டாள். ஏச்சு வரவே இல்லை. எனக்கே நிலைகொள்ளவில்லை, மேடத்துக்கு எப்படி இருந்திருக்கும்!

"ஏதாவது சொல்லுங்க சேச்சி. நான் சொல்லித்தானே நீங்க வெட்டாம இருந்தீங்க" என்றார்.

"கடல் வந்துச்சில்லே? பின்னே என்னத்துக்கு ஏசணும்?"

"சுவரு போச்சே."

"மண்ணுதானே மோளே, குழைச்சு வச்சாப் பின்னேயும் நிக்கும். கிணத்துல உப்பு ஏறியிருந்தா நான் எதை வச்சுச் சாயா போடுவேன்?" கையிலிருந்த சேற்றை உதறிவிட்டுச் சேச்சி அவர் பக்கத்தில் வந்தாள். "இன்னைக்கு ஏச ஒண்ணுமில்லே. இனி தப்பாச் சொல்லும்போ வா. வயிறு நிறைய ஏசித் தாறேன்."

ஊரே கூடி ஏசியபோதெல்லாம் அசையாமல் நின்ற மேடம், அதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.